மணி கட்டும் தொழில்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிய கதை நமக்கெல்லாம் தெரியும். மணி கட்ட ஆள் அகப்படாமல் கூட்டம் கலைந்ததோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. நெருப்புக்கு யார் மணி கட்டுவது என்று ஒருவர் கேட்டால், அதற்கு இன்று விடை சொல்லலாம். அதற்கென்றே படித்து, பழகி, சம்பளம் வாங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். கீழக்கரையில் வசிக்கும் என் நண்பர் ஒருவருடைய மகன் அவர்களில் ஒருவன்.

இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு எச்சரிக்கை என்பது புதிய சங்கதி அல்ல. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எழுத்தறியாத கிழவரும் 'எத்தனாம் நம்பர்?' என்று கேட்டுக்கொண்டுதான் படகைக் கரையேற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். கடலிலிருந்து வரும் ஆபத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே பிறக்கும் ஆபத்துக்குக் கூண்டு ஏற்றுபவர் யார்? நம் மூக்கு ஒன்றுதான். நாம் தூங்கும்போது அந்த மூக்கும் சேர்ந்து தூங்கிவிடுகிறது.

அந்தப் பையன் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவன். படித்து முடித்ததும் சென்னையில் தீ எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தும் ஒரு கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்துவிட்டான். நண்பருக்கு மனம் ஆறவில்லை.

"கரண்டு வேலை தெரிஞ்சவன் ஊர்லயே ஒரு கடை போடலாம், இல்லே, நாலு பேர் மாதிரி துபாய் பக்கம் போகலாம். இவன் என்னடான்னா மணி அடிக்கிறதைப் படிக்கப் போறேங்கிறான். இது ஒரு தொழிலா? நீங்களே கேளுங்க" என்று என்னிடம் முறையிட்டார்.

"துபாய்க்குப் போனாலும் இதுதான் வாப்பா கைகொடுக்கும். அங்கே சிவில் டிஃபென்ஸ்காரங்க பார்த்து ஒப்புதல் கொடுத்தாத்தான் புதுக் கட்டடத்துல ஆள் குடியேற முடியும்" என்றான் பையன். பிழைப்புக் கணக்கில் அவன் தகப்பனாரைவிடக் கெட்டிக்காரன் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவன் மனத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

"முதல் ஆறு மாசம் ஏணி சுமந்தேன், மாமா" என்று சிரித்தான். ஏணி சுமந்தபின் குழாய் பதிக்கவும், கம்பி இழுக்கவும், வரைபடம் பார்க்கவும் கற்றுக்கொண்டானாம். பிறகுதான் கூரையில் தொங்கும் அந்த வட்ட வெள்ளைப் பெட்டியைத் தொடவிட்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு சின்ன இருட்டறை" என்றான். இருட்டறையில் ஒரு பக்கம் சிறு விளக்கு. வேறொரு பக்கம் ஒளியை உணரும் ஒரு கண். விளக்கின் வெளிச்சம் நேராக அந்தக் கண்ணில் படாதபடி அமைத்திருப்பார்கள். ஓட்டுக்கூரை இடுக்கு வழியாக வெயில் விழும்போது அதில் தூசி மிதந்து மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான். புகை உள்ளே நுழைந்தால் வெளிச்சம் சிதறிக் கண்ணில் படும். உடனே மணி அடிக்கும்.

"அப்படியானால் உன் உம்மா தாளிக்கிறபோதெல்லாம் மணி அடிக்குமே?" என்றேன்.

"அதுதான் மாமா இந்தத் தொழில்ல படிப்பே! சமையலறையில புகைக் கருவி வைக்கக் கூடாது. சூட்டுக் கருவிதான் வைக்கணும். சாம்பிராணி போடுற இடம், ஆவி பறக்குற குளியலறை வாசல் எல்லாம் பார்த்துத்தான் வைக்கணும்."

சூட்டை உணரும் கருவியில் ஒரு வகை குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் குரல் கொடுக்கும். இன்னொரு வகை, சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்க்கும். எதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் வைத்தால், வாரத்துக்கு நான்கு தடவை வீண் மணி அடிக்கும். 'புலி வருது' என்று விளையாட்டுக்குக் கூவிய பையன் கதைதான் பிறகு. ஐந்தாம் தடவை உண்மையாகவே அடித்தாலும் யாரும் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2189 என்று எண்ணிட்டு இதற்கென ஒரு விதிநூலே வெளியிட்டிருக்கிறது. அதை அவன் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனைப் போல அடிக்கோடிட்டு வைத்திருந்தான்.

நம் கடற்கரையில் இந்த வேலைக்கு இன்னொரு பகையும் உண்டு. உப்புக்காற்று. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று சோதித்துப் பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றால் அந்தக் காற்றின் குணத்தைச் சொல்ல வேறு சாட்சி வேண்டாம். மதுரையில் பல காலம் உழைக்கும் இணைப்பு இங்கே சீக்கிரம் பச்சை பூத்துவிடும். 'மாட்டிவிட்டோம், பணம் வாங்கிவிட்டோம்' என்று போகிறவனுக்கு இந்தக் கரை ஒத்துவராது.

அவன் சொன்னவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது ஒன்று உண்டு. கம்பி ஒவ்வொரு கருவியாகத் தொட்டுக்கொண்டு போய் முடிகிற கடைசி முனையில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மின்தடையைப் பொருத்துவார்களாம். அதன் வழியாக எப்போதும் ஒரு மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். நெருப்பு என்றால் அந்த ஓட்டம் கூடும். சிவப்பு விளக்கு எரியும். எலி கடித்துக் கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுபோகும். மஞ்சள் விளக்கு எரியும். 'எனக்கு ஆபத்தில்லை' என்பது வேறு, 'என்னால் பேச முடியவில்லை' என்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய அந்தச் சிறு பொருள் போதும்.

இதைக் கேட்டபோது எனக்குத் தனுஷ்கோடி நினைவு வந்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஒரு ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் அடித்துச் செல்லப்பட்டது. தந்திக் கம்பிகள் அறுந்துபோயிருந்தன. அங்கே நடந்தது வெளியுலகுக்குத் தாமதமாகத்தான் எட்டியது. அறுந்த கம்பியின் மௌனமும், நிம்மதியாகத் தூங்கும் ஊரின் மௌனமும் தூரத்தில் இருப்பவனுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

"இதையெல்லாம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய்?" என்று ஒரு நாள் தனியாகக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏர்வாடி பக்கத்துலதானே மாமா இருக்கோம்" என்றான்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள். தர்காவில் தங்கினால் குணமாகும் என்று நம்பி, எங்கெங்கிருந்தோ உறவினர்கள் கொண்டுவந்து விட்டுப்போன ஜீவன்கள். அவர்கள் புகையைக் கண்டார்கள்; நெருப்பையும் கண்டார்கள். எச்சரிக்கைக்கு அங்கே குறைவில்லை. எழுந்து ஓடுவதற்குத்தான் வழியில்லை.

"எங்க வாத்தியார் முதல் நாளே சொன்னார், மாமா: மணியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கதவைப் பாருன்னு. மின்காந்தப் பூட்டுப் போட்ட கதவு இருந்தா, மணி அடிச்சதும் அது தானே விடுபடுற மாதிரி நாங்க கம்பி கொடுக்கலாம். சங்கிலிக்கு என்ன கம்பி கொடுக்கிறது?"

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்கள். அங்கேயும் கீற்றுக்கூரை. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற்போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். அதைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்து, அதற்குமேல் கீற்று வேய்கிறவர்கள் நாம்.

சென்ற ஆண்டு அவனுக்கு ஒரு சோதனை வந்தது. யாத்திரிகர்கள் தங்கும் ஒரு விடுதியில் வேலை. இராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வருகிறவர்கள். விடியுமுன் அக்கினி தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்று அசதியோடு படுப்பவர்கள். மாடிப்படி எந்தப் பக்கம் என்பதுகூட இருட்டில் அவர்களுக்குத் தெரியாது. விடுதிக்காரர், "தம்பி, கருவியை மட்டும் மாட்டிடுங்க. கம்பியெல்லாம் பிறகு பார்த்துக்கலாம். பார்க்க வர்றவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாராம். வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் தலையாட்டிவிட்டார். இவன் மட்டும், கடைசி முனை வரை சோதிக்காத வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டான். அந்த மாதம் அவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

நண்பர் இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் பெருமையும் கலந்திருந்தன. "பிழைக்கத் தெரியாதவன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா, அந்த விடுதியில நம்ம ஆளுங்க யாரும் தங்க வேணாம்னு எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நெருப்பை அணைக்கிறவனுக்கு ஊர் மாலை போடும். அணைக்க வேண்டிய அவசியமே வராதபடி செய்கிறவனுக்கு மாலை கிடையாது. எந்த இரவில் யாரைக் காப்பாற்றினான் என்பது அவனுக்கே தெரியாது. இப்போது அவன் வேறொரு கம்பெனியில், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறான். அங்கே படுத்திருப்பவர்களிலும் பலர் எழுந்து ஓட முடியாதவர்கள். ஆகையால் முதலில் செவிலியர்களோடு உட்கார்ந்து, மணி அடித்தால் எந்தக் கட்டிலை யார் தள்ளிக்கொண்டு போவது என்று பேசி எழுதிக்கொண்ட பிறகுதான் ஏணியை எடுத்தானாம்.