வரியோடு போன அத்தாட்சி

ஹாங்காங்கில் 2007 தொடக்கம் வரை ஒயினுக்கு 80 சதவீத வரி. அந்த ஆண்டு பட்ஜெட்டில் அது 40 ஆனது. 2008 பிப்ரவரி 27 அன்று நிதிச் செயலர் ஜான் சாங் அதையும் அடியோடு நீக்கினார். நகரத்தை ஆசியாவின் ஒயின் சந்தையாக்குவதே நோக்கம். ஜூனில் சட்டத்தைத் திருத்தி, இறக்குமதி உரிமமும் சரக்கை நகர்த்தும் அனுமதிச் சீட்டும் ஒயினுக்குத் தேவையில்லை என்றார்கள். வியாபாரம் பெருகியது, எங்களுக்கு வழக்குகளும் பெருகின.

என் கட்சிக்காரர் உணவகம் நடத்துபவர். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு வியாபாரியிடம் போர்தோ சிவப்பு ஒயின் வாங்கியிருந்தார். புட்டியைத் திறந்தால் வேகவைத்த பழத்தின் வாடை. சிலவற்றில் தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. சூட்டில் கிடந்த சரக்கு என்பது தெரிந்தது. யாருடைய சூட்டில் என்பதுதான் வழக்கு. "எங்கள் குளிர்பதனக் கிடங்கில் பத்திரமாக இருந்தது. உங்கள் சமையலறையில்தான் கெட்டிருக்கும்" என்றது எதிர்த்தரப்பு. கைமாறிய அன்றே சரக்கு கெட்டிருந்தது என்று காட்ட வேண்டிய சுமை எங்களுடையது.

வரி இருந்த காலமானால் பெட்டி எந்தத் தேதியில் சுங்கக் கண்காணிப்புள்ள கிடங்கை விட்டு வெளியேறியது என்பதை அனுமதிச் சீட்டே சொல்லியிருக்கும். வரிக்காக அரசு வைத்திருந்த கணக்கு, வாங்குபவனுக்கும் செலவில்லாத சாட்சியாக இருந்தது. வரி போனபோது சாட்சியும் போய்விட்டது.

ஆவணங்களைப் பரிமாறும் கட்டத்தில், க்வாய் சுங்கில் இருந்த அந்தக் கிடங்கின் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டோம். தயங்கித் தயங்கித் தந்தார்கள். குளிரூட்டி இரவும் பகலும் ஓடியதாகச் சொன்ன ஜூலை, ஆகஸ்ட் மாதக் கட்டணம், குளிர்கால மாதங்களின் கட்டணத்தைத் தாண்டவே இல்லை. விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது.

ஒயின் கிடங்குகளுக்குத் தரச்சான்று தரும் திட்டத்தை ஹாங்காங் தர உறுதி முகமை 2009இல் தொடங்கியது. ஆனால் சான்று பெறுவது அவரவர் விருப்பம். அதனால் நான் எழுதும் ஒயின் ஒப்பந்தங்களில், கிடங்கின் வெப்பநிலை, ஈரப்பதப் பதிவுகளை விற்பவர் சரக்கோடு தர வேண்டும், தராவிட்டால் கெட்டதற்கு அவரே பொறுப்பு என்று ஒரு ஷரத்து இருக்கும். "வரியே இல்லாத சரக்குக்கு இவ்வளவு தாளா?" என்று வியாபாரிகள் சலித்துக்கொள்வார்கள். வரி இல்லாததால்தான் என்பேன்.