ஸ்டோர் ரூம் சாவி

கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர்களைக் கவனித்திருக்கிறீர்களா? திருச்சியில் வைத்த அதே வத்தக்குழம்பை மறுவாரம் தாம்பரத்திலும் வைப்பார்கள். பக்குவம் மாறாது, மண்டபம்தான் மாறும். வேனை விட்டு இறங்கியதுமே கேள்விகள் ஆரம்பித்துவிடும். 'தண்ணி எங்க வரும்? எத்தனை இலை? ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்ட?' இந்தப் பதில்களை வத்தக்குழம்பு செய்முறையோடு சேர்த்து எழுதி வைக்கிற சமையற்காரரை நான் பார்த்ததில்லை.

சாஃப்ட்வேர்க்காரர்கள் எழுதி வைக்கிறார்கள். அதுவும் சாவியையே.

ஒரு ப்ரோக்ராமுக்குக் குறைந்தது மூன்று மண்டபங்கள். எழுதுபவரின் லாப்டாப், சோதனை சர்வர், ஜனங்கள் உபயோகிக்கும் நிஜ சர்வர். மூன்றிலும் ஒரே கோடுதான் ஓட வேண்டும். ஆனால் டேட்டாபேஸ் விலாசம், பாஸ்வேர்டு, பணம் வசூலிக்கும் வங்கிச் சேவையின் ரகசிய எண் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். மாறாதது கோடு, மாறுவது கான்ஃபிகரேஷன். இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டுப் பிசைந்தால் என்ன ஆகும்?

பெங்களூரில் டீம் லீடராக இருக்கும் என் தங்கை பையன் ஒரு ராத்திரி போன் பண்ணினான். 'மாமா, ஒரே ஒரு வரியால மூணு நாளாத் தூக்கமில்லை.' அவன் டீமில் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் ஒருத்தி, தெரியாமல் கோடை கிட்ஹப்பில் பொது இடத்தில் ஏற்றிவிட்டாள். உள்ளே க்ளவுட் கணக்கின் சாவி. இப்படிப்பட்ட சாவிகளைத் தேடுவதற்கென்றே சில ப்ரோக்ராம்கள் ராப்பகலாக உலவுகின்றன. விடிவதற்குள் யாரோ அந்தச் சாவியை வைத்து வரிசையாக மெஷின்களை வாடகைக்கு எடுத்து, கிரிப்டோ நாணயம் தோண்டியிருக்கிறார்கள். பில் கம்பெனிக்கு.

'அந்த வரியை உடனே அழிச்சிட்டோம் மாமா.'

'கிட் எதையும் மறக்காதேடா. பழைய பிரதி உள்ளயே இருக்குமே?'

இருந்தது. அந்தச் சாவியையே ரத்து செய்து புதுசு வாங்குவதுதான் ஒரே வைத்தியம். அதைச் செய்துவிட்டார்கள். அவன் தூங்காததற்குக் காரணம் வேறு. அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய மெமோவில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் வேலை போய்விடலாம்.

'சாவியைக் கோடுல முதல்ல எழுதினது யாரு?'

'ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சீனியர். இப்ப அமெரிக்கால இருக்கார்.'

பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2016-ல் உபர் நிறுவனத்தின் தனிப்பட்ட கிட்ஹப் கிடங்குக்குள் புகுந்தவர்களுக்கு, அங்கே கோடில் அமேஸான் க்ளவுடின் சாவி கிடைத்தது. 5.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து மூடி மறைத்து, 2017 நவம்பரில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுத்து சமரசம்.

இத்தனைக்கும் மாற்று வழி பழசு. 1979-ல் பெல் லாப்ஸில் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு. 'பெயர் = மதிப்பு' என்று சின்னச் சின்னச் சீட்டுகள். ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றைக் கிளப்பும்போது இவற்றின் பிரதியைக் கையில் கொடுத்து அனுப்பும். பிள்ளை தன் பிரதியில் எதைக் கிறுக்கினாலும் அப்பாவுடையதற்கு ஒன்றும் ஆகாது. குடும்பங்களில் இல்லாத சௌகரியம்.

2011-ல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ், 'ட்வெல்வ் ஃபாக்டர் ஆப்' என்று பன்னிரண்டு விதிகள் எழுதினார். மூன்றாவது விதி, கான்ஃபிகரேஷனை என்விரான்மென்ட்டில் வை என்பது. அதற்கு ஒரு சுலபமான பரீட்சையும் வைத்தார். உங்கள் கோடை இந்த நிமிஷமே ஊருக்குத் திறந்து காட்டினால் ரகசியம் ஏதாவது வெளியே போகுமா? போகும் என்றால் ஃபெயில்.

லாப்டாப்பில் தினம் தினம் சீட்டு எழுத முடியாது என்பதால் 'டாட் என்வ்' என்று ஒரு ஃபைல் வைத்துக்கொள்கிறார்கள். ப்ரோக்ராம் கிளம்பும்போது அதைப் படித்துக்கொள்ளும். அந்த ஃபைல் கிட்டுக்குள் போகாதபடி 'கிட்இக்னோர்' பட்டியலில் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். கூடவே பெயர்கள் மட்டும் இருந்து மதிப்புகள் காலியாக இருக்கும் ஒரு மாதிரி ஃபைலைக் கிட்டில் வைத்தால், புதிதாக வருபவருக்கு என்னென்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதிலும் சில கண்ணிகள் உண்டு. சீட்டில் இருப்பதெல்லாம் எழுத்துதான். எண்ணும் கிடையாது, ஆம்-இல்லையும் கிடையாது. 'டீபக்' என்ற சீட்டில் 'ஃபால்ஸ்' என்று எழுதி, அதை அப்படியே பைத்தானின் 'பூல்' ஃபங்ஷனிடம் கொடுத்தால் 'ட்ரூ' என்று பதில் வரும். காலியாக இல்லாத எழுத்துச்சரம் எதுவானாலும் அதற்கு உண்மைதான். 'இல்லை' என்று எழுதிய சீட்டும் ஒரு சீட்டு அல்லவா! அடுத்தது, அவசியமான சீட்டு இல்லையென்றால் ப்ரோக்ராம் கிளம்பும்போதே சண்டை போட்டு நின்றுவிட வேண்டும். நடுராத்திரி முதல் வாடிக்கையாளர் பணம் கட்டும்போது விழிக்கக் கூடாது.

இது இரும்புப் பெட்டியும் அல்ல. லினக்ஸில் ஓடும் ப்ரோக்ராமின் சீட்டுகளை, அதே பயனரோ ரூட்டோ '/ப்ராக்' வழியாகப் படித்துவிடலாம். தப்பு நேரும்போது எல்லாச் சீட்டுகளையும் லாக் ஃபைலில் கொட்டிவிடும் அசட்டு ப்ரோக்ராம்களும் உண்டு. அதனால்தான் பெரிய இடங்களில் ரகசியங்களுக்கென்று தனிப் பெட்டகச் சேவைகள் வைத்துக்கொள்கிறார்கள்.

தங்கை பையன் மெமோவில் கையெழுத்துப் போடவில்லை. பதிலாக இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதினானாம். அதில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, அமெரிக்கா போனவர் பெயரும் இல்லை. சாவி எப்போது கோடுக்குள் வந்தது, ஏன் இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை, இனி எங்கே இருக்கும் என்பது மட்டும். மேனேஜர் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டாராம். அந்த மாதிரி ஃபைலைத் தயார் செய்யும் வேலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறான்.

இனி அந்த டீமில் இந்த விஷயத்தில் அவளை விட ஜாக்கிரதையான ஆள் யாரும் இருக்கப் போவதில்லை.