வைகுந்தம் ஒண்ணரை

சேலத்தில் சங்ககிரி பஸ் ஏறி உட்கார்ந்ததும் என் அம்மாயி சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டே, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொல்வார்: "வைகுந்தம் ஒண்ணரை குடுங்க சாமி." ஒன்று அவருக்கு, அரை எனக்கு.

"ஏனுங்காத்தா, நீங்க போறது சரி. இந்தச் சின்னப் பையனையுமா கூட்டிட்டுப் போறீங்க?" என்பார் கண்டக்டர்.

"லீவு உட்டாச்சுல்ல, அங்க வந்துதான் ஆவணும்."

பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு போகும். மகுடஞ்சாவடிக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கும் ஊர் வைகுந்தம். இன்று கோவை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சுங்கச்சாவடியால் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது அம்மாயி வீடு. "பாட்டி வைகுந்தத்திலிருந்து வந்திருப்பதால் ஒருநாள் விடுப்பு வேண்டும்" என்று நான் எழுதிய கடிதத்தைப் படித்த டீச்சர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். விஷயம் விளங்கியதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க, நான் எப்போது லீவு போட்டு வந்தாலும் "வைகுந்தத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

எங்கள் வகுப்பே இப்படிப்பட்ட ஊர்ப் பெயர்களால் நிரம்பியிருந்தது. குரங்குச்சாவடியிலிருந்து ஒருவன், எருமாபாளையத்திலிருந்து இரண்டு பேர், நெத்திமேட்டிலிருந்து ஒரு கும்பல். நான் அன்னதானப்பட்டி. "இன்னைக்கு உங்கூர்ல சாம்பாரா, தயிர்சாதமா?" என்று கேட்காத நாளில்லை. ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த பெண்ணின் பாடுதான் கஷ்டம். வகுப்பில் ஒரு ரப்பர் காணாமல் போனால் போதும், எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். "ஆட்டையப் போட்டது யாரு?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். அவள் ஒருநாள்கூட அழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பெரிய தூக்குப்போசி நிறைய அவள் ஊர்க் கைமுறுக்கைக் கொண்டு வந்தாள். எண்ணெய் வாசனை வகுப்பையே சுற்றியது. மூடியைத் திறக்காமல் கையை மேலே வைத்துக்கொண்டு, "எங்கூர்ப் பேரை ஒழுங்காச் சொல்றவங்களுக்குத்தான்" என்றாள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னோம். சிரித்தவனைக் கடைசிக்கு அனுப்பினாள். கையால் சுற்றிய அந்த முறுக்கின் மொறுமொறுப்போடு சேர்ந்து அந்தப் பெயர் எனக்குள் இறங்கிவிட்டது. இப்போதும் கடைகளில் 'ஆட்டையாம்பட்டி முறுக்கு' என்ற பலகையைக் கண்டால் வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன்.

பஸ் கொண்டலாம்பட்டியைத் தாண்டினால் உத்தமசோழபுரம் வரும். திருமணிமுத்தாற்றங்கரையில் கரபுரநாதர் கோயில் இருக்கும் ஊர். சோழன் பெயரைத் தாங்கிய ஊர் என்று அம்மாயி கன்னத்தில் போட்டுக்கொள்வார். எனக்கோ காக்காபாளையம் எப்போது வரும் என்றிருக்கும். ராஜா பெயர் எந்த ஊருக்கும் கிடைத்துவிடும். ஒரு காக்கைக் கூட்டத்தைப் பார்த்து, அதையே தங்கள் ஊருக்குப் பெயராகச் சொல்லிக்கொள்ள ஜனங்களுக்கு எவ்வளவு பிரியம் இருந்திருக்க வேண்டும்! அங்கே பஸ் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காக்கைகளை எண்ணுவேன். ஒன்றாவது இல்லாமல் போனதில்லை.

அடுத்தது மகுடஞ்சாவடி. யாரோ மகாராஜா மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிய சாவடி என்றே நாங்கள் பிள்ளைகள் பேசிக்கொள்வோம். அம்மாவின் அப்பாவான அப்புச்சிதான் அந்தக் கதையை மாற்றிச் சொன்னார். அவருக்கு ரயில் என்றால் உயிர். "ராசாவும் இல்ல, மகுடமும் இல்ல கண்ணு. மக்டொனால்டுன்னு ஒரு வெள்ளைக்காரன். அவன் பேர்ல சாவடி. ரயில்வேக்காரங்க இங்கிலீசுல மக்டொனால்ட்ஸ் சௌல்ட்ரின்னு வெச்சாங்க. நம்ம சனம் வாயில அது மகுடஞ்சாவடி ஆயிருச்சு." நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மக்டொனால்டு, மக்டொனான், மகுடன். சொல்லச் சொல்ல நாக்கு தானாகவே அந்த இடத்தில் வந்து நின்றது. வயலுக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் யாரிடமும் கேட்காமல் ஒரு துரையின் பெயரைத் தமிழாக்கி, கூடவே கிரீடமும் வைத்துவிட்டார்கள். இதைவிடக் கம்பீரமான வேலையை எந்த அறிஞர் குழுவும் செய்ததாக நான் நினைக்கவில்லை.

காக்காபாளையத்திலிருந்து பிரியும் சாலையில் இளம்பிள்ளை இருக்கிறது. தறிகளின் ஊர். 1995இல் நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கிய சமயம், சுவர்களிலெல்லாம் 'இளம்பிள்ளை வாதம்' என்று எழுதியிருந்தார்கள். அப்போதுதான் என் தம்பி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான். சித்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அம்மா எங்களை இளம்பிள்ளைக்குக் கூட்டிப்போனபோது, பஸ் பலகையைப் படித்துவிட்டு இறங்கவே மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டான். அந்த ஊர் மண்ணில் கால் வைத்தால் கால் சூம்பிவிடும் என்று அவனுக்குப் பயம். அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஒரு தறிக்கூடத்து வாசலில் நிறுத்தினார். உள்ளே தறிச் சத்தம் காதை அடைத்தது. அங்கே அவன் வயசுப் பிள்ளைகள் நூல்கண்டை உருட்டித் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரம் அவர்கள் கால்களையே பார்த்தான். பிறகு மெல்ல இடுப்பிலிருந்து வழுகி இறங்கி அவர்களோடு ஓடினான். சேலை எடுத்து முடித்தபின் அவனைப் பிடித்து வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

2014 மார்ச்சில், இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு சான்றளித்த செய்தி வந்தது. அன்றைக்கு ராத்திரி தம்பி போன் செய்தான். அவனுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு மகள்.

"அண்ணா, பேப்பர் பாத்தியா? இனிமே இளம்பிள்ளைன்னா சேலை மட்டுந்தான்!"