கடற்கரைக்குக் கீழே ஒரு கிணறு

கனடாவில் வாழும் நம்மவர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மாசி, பங்குனியில் பனி கொட்டும்போது ஒரு கிழமை விடுப்பெடுத்து, ரொறன்ரோவிலிருந்து நான்கு மணித்தியாலப் பறப்பில் மெக்சிகோவின் கான்கூன் நகருக்குப் போய்விடுகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "கடல்" என்பதே பதிலாக இருக்கும்.

மகளின் குடும்பத்தோடு நானும் ஒருமுறை அங்கு ஏழு நாட்கள் தங்கினேன். கடல் அழகுதான். எனினும் என் மனதில் நிலைத்தது கடலன்று. அதற்குப் பின்னால் காட்டுக்குள் மறைந்திருக்கும் நீர்நிலைகளே.

கான்கூன் தானாக வளர்ந்த ஊர் அன்று. 1970ஆம் ஆண்டளவில் அந்த மணற்றிட்டில் ஒரு தென்னந்தோப்பும் அதைப் பார்த்துக்கொண்ட ஒருசிலருமே இருந்தனர். அந்நியச் செலாவணியை நாடிய மெக்சிகோ அரசு, தன் மத்திய வங்கியின் திட்டப்படி அங்கே ஒரு நகரை எழுப்பியது. 1974இல் முதல் விடுதிகள் திறக்கப்பட்டன. 2005இல் வில்மா சூறாவளி கரையின் மணலை அள்ளிச் சென்றபோது, கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கொண்டுவந்து மீண்டும் கரையை அமைத்தார்கள். அண்மைக் காலத்தில் சர்காசம் என்னும் பழுப்புநிறப் பாசியும் பல ஆண்டுகளில் கோடையை ஒட்டி வந்து குவிகிறது. குளிர்காலத்தில் அந்தத் தொல்லை குறைவு.

கடலில் செய்வதற்கு நிறையவே உண்டு. மெக்சிகோவிலிருந்து ஹொண்டுராஸ் வரை ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் நீளும் பவளப்பாறைத் தொடர் இக்கரையோரமாகவே செல்கிறது. முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்தால், நீந்தத் தெரிந்த எவரும் அதைப் பார்க்கலாம். ஆழத்தில் இறங்க விரும்புவோர் பிளாயா டெல் கார்மெனிலிருந்து படகேறிக் கொசுமெல் தீவுக்குப் போகிறார்கள். 2010இல் திறக்கப்பட்ட கடலடி நூதனசாலை ஒன்றும் உண்டு. இயற்கைப் பவளத்தை மிதிக்கும் கூட்டத்தைத் திசைதிருப்பவென்றே நூற்றுக்கணக்கான சிலைகளைக் கடலுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். கோடையில் போகிறவர்கள், பேருருவம் கொண்டும் நுண்ணுயிர்களையே பிரதானமாக உண்ணும் திமிங்கிலச் சுறாக்களையும் காணலாம்.

ஐந்தாம் நாள் சிச்சென் இட்சாவுக்கும் ஒரு செனோட்டேக்கும் போகலாம் என்றேன். மருமகனுக்கு அதில் நாட்டமில்லை. "மாமா, கடல் முன்னாலை கிடக்கு. கிணறு பாக்கிறதுக்கு ஏன் ரெண்டு மணித்தியாலம் ஓடவேணும்?" என்றார். போனோம்.

சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிட்டில் நான்கு பக்கமும் 91 படிகள். மேற்தளத்தின் ஒன்றையும் சேர்த்தால் 365. இப்போது அதில் ஏற அனுமதியில்லை. நம்மவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஊரின் பெயரே வேறொன்றைச் சொல்கிறது. இட்சா மக்களின் கிணற்று வாய் என்பதே மாயா மொழியில் அதன் பொருள். பிரமிட்டிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் அந்தக் கிணறு இருக்கிறது. பொன்னையும் பச்சைக்கல்லையும், ஏன், மனிதரையுமே மழைத் தெய்வத்துக்கென அதற்குள் இட்டிருக்கிறார்கள். வட யுகட்டானில் நிலத்தின் மேல் ஓடும் ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து உள்ளே இறங்கிவிடுகிறது. கரைந்த குகையின் கூரை இடிந்து விழும் இடத்தில் செனோட்டே பிறக்கிறது.

மாலையில் வேறொரு செனோட்டேயில் மரப்படிகளால் இறங்கினோம். அதற்கு முன் ஒவ்வொருவரும் உடல் கழுவவேண்டும். வெயிலுக்குப் பூசிய களிம்பு நீரில் கலக்கக்கூடாது என்பது அங்கு கண்டிப்பான விதி. கீழே நீலநிறக் குளிர்நீர். கரையோரச் செனோட்டேகளில் மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் அடுக்காக நிற்கும் என்று வழிகாட்டி விளக்கினார். என் பேரன், "அம்மப்பா, இந்தத் தண்ணி எங்கை போகுது?" என்று கேட்டான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கேள்வி புதிதன்று. நம் குடாநாடும் வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் நிலந்தான். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அது கதையாக இருக்கலாம். ஆனால் நிலத்தடி நீர் கடலோடு தொடர்புடையது என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. யுகட்டானிலோ சுழியோடிகள் அத்தகைய வழிகளை நீந்தியே அளந்திருக்கிறார்கள். 2018இல் இரு பெருங்குகைகள் இணைவது கண்டறியப்பட்டபோது, சாக் அக்துன் தொகுதியின் நீளம் 347 கிலோமீற்றர் என்று அறிவிக்கப்பட்டது.

பேரனின் கேள்விக்கு விடை இதுதான்: அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகிறது, நாம் முகமூடி அணிந்து பார்த்த பவளத்துக்கே போகிறது. விடுதிகளின் கழிவுநீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் நிலத்துள் இறங்கினால், சுண்ணக்கல் அதை வடிகட்டித் தருவதில்லை. கரையோர நிலத்தடி நீரில் மருந்துப் பொருட்களின் எச்சங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்காக, துலூம் பக்கத்துப் பாதையில் குகைக் கூரைகளைத் துளைத்து உருக்குத் தூண்கள் நடப்பட்டதும் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. நம் ஊர்க் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று ஏறிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதன் பாரதூரம் விளங்கும். மேலே எதை ஊற்றினாலும் அது கீழே குடிநீராகவே திரும்புகிறது.

ஆகவே போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழு நாட்களில் ஒரு நாளையேனும் கிணறுகளுக்கு ஒதுக்குங்கள். கதவு திறக்கும் காலை வேளையிலேயே சிச்சென் இட்சாவில் இருங்கள். கூட்டமும் வெயிலும் பின்னர்தான் வரும். கிராமத்து மக்களே நடத்தும் சிறிய செனோட்டேகளை விசாரித்துப் போங்கள். கட்டணம் அவர்கள் கைக்கே சேரும். களிம்புக்குப் பதிலாக நீண்ட கைச் சட்டையோடு நீந்துங்கள். பவளத்தைத் தொடாதீர்கள். உங்கள் அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்கு மாயா மொழி தாய்மொழியாக இருக்கக்கூடும். அவருடைய ஊர்க் கிணற்றைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். தண்ணீரைப் பற்றிக் கதைப்பதற்கு அவருக்கும் நமக்கும் நிறையவே இருக்கிறது.