நான்காமவர்

தனிமரம் தோப்பாகாது என்பது தமிழர் நாவில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பழமொழி. ஆனால், தோப்பில் சேர விரும்பும் மரம் தானாக நடந்து சென்று சேர்ந்துவிட முடியாது. அதைக் கொண்டுபோய் நடுவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை எது என்னும் கேள்வி, சிராங்கூன் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஓர் இளைஞனைப் பல இரவுகள் உறங்கவிடாமல் செய்தது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரில் கிருமிப் பரவலை முறியடிக்கும் திட்டம் நடப்புக்கு வந்தது. ஞாயிறு மாலைகளில் தோளோடு தோள் உரசும் லிட்டில் இந்தியா வெறிச்சோடியது. அங்கே ஊர் ஊராகக் கூடிக் கதை பேசும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளுக்குள் அடைபட்டனர். இளைஞனும் தன் அறைக்குள் முடங்கினான். அந்நாட்களில்தான் இணையவழி ஹேக்கத்தான் ஒன்றில் அவன் பெயர் கொடுத்தான். குறித்த சில மணி நேரத்துக்குள் ஒரு குழு ஒன்றுகூடி, ஒரு சிக்கலுக்குத் தீர்வாகக் கணினிச் செயலி ஒன்றை ஆக்கிக் காட்டும் போட்டி அது.

அவனுக்குத் திரைகளை வடிவமைக்கத் தெரியும். நிரல் எழுதுவதில் தேர்ச்சி குறைவு. எனவே துணை வேண்டினான். முன்பின் அறியாத ஏழு பேருக்கு மடல் அனுப்பினான். ஒருவரும் மறுமொழி கூறவில்லை. மறுத்திருந்தாலும் மனம் ஆறியிருக்கும், மௌனம் ஆறவிடவில்லை. இரண்டாம் நாள் இரவு, போட்டி முடியுமுன்பே கணினியை மூடி வைத்தான். தாயார் உணவுக்கு அழைத்தபோது, பசியில்லை என்று கூறிவிட்டான்.

ஹேக்கத்தான் என்ற சொல் முதன்முதலில் வழங்கிய கூட்டங்களுள் ஒன்று 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் கால்கரி நகரில் நடைபெற்றது. ‘ஓபன்பிஎஸ்டி’ என்னும் மென்பொருளை ஆக்கி வந்த பத்துப் பேர் அங்கே கூடினர். அவர்கள் முன்னரே சேர்ந்து உழைத்தவர்கள். துணை தேட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் கிருமித்தொற்றுக்கு எதிராக நடத்திய இணையவழி ஹேக்கத்தானிலோ 20,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நண்பர் கூட்டமாகத் தொடங்கியது அயலார் சந்தையாக வளர்ந்துவிட்டது. சந்தையில் குரல் உயர்த்தத் தெரிந்தவருக்கே வாணிகம் நடக்கும். கூச்சம் உடையவர் என்ன செய்வார்?

அதற்கு விடையாக, தொலைவில் இருப்போர் துணை தேடிக்கொள்ள ஒரு தளம் அமைப்பதையே இளைஞன் தன் இறுதியாண்டுப் படிப்புப் பணியாக எடுத்துக்கொண்டான். முதல் வடிவம் எளிதாக அமைந்தது. பெயர், படம், படிப்பு, திறன்கள் ஆகியவற்றின் நீண்ட பட்டியல் அது. உடன் பயில்வோரிடம் கொடுத்துப் பார்த்தான். எல்லாரும் நிரல் எழுதுவோரையே நாடினர். அவர்களுக்கு மடல்கள் குவிந்தன. வடிவமைப்போரும், மக்களின் சிக்கலை நேரில் அறிந்தோரும் அவனைப் போலவே காத்துக் கிடந்தனர். தன் துன்பத்தைத் தானே ஓர் இயந்திரமாகச் செய்துவிட்டதை அவன் உணர்ந்தான்.

இத்தகைய பட்டியல்கள் இணைத்திரா ஒரு கூட்டணி இதே தீவில் உருவானதை அவன் பின்னர் அறிந்தான். சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்ற ‘கணியன்’ என்னும் முறையை வகுத்தவர். தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வில் ஈடுபட்டிருந்த அறிவியலாளர் டான் டின் வீ முதலியோருடன் அவர் கைகோத்தார். 1995 அக்டோபரில், நான்கு மொழிகளில் அமைந்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது, தமிழும் தன் எழுத்திலேயே அங்கு இடம்பெற்றது. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை. அதுவே அவர்களை இணைத்தது. ஆகவே, ‘உனக்கு என்ன தெரியும்?’ என்ற கேள்வியோடு, ‘உனக்கு எது இல்லை?’ என்ற கேள்வியையும் இளைஞன் தன் தளத்தில் சேர்த்தான்.

அடுத்து, கணிதம் கைகொடுக்கும் என்று நம்பினான். 1962இல் டேவிட் கேல், லாய்டு ஷாப்லி என்னும் இரு அறிஞர்கள், மணமக்களைப் போல் இரு வேறு தரப்பாரைச் சோடி சேர்க்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். தத்தம் துணையைக் கைவிட்டு ஒருவரையொருவர் நாடும் இருவர் எழாதபடி சோடிகளை எப்போதும் அமைக்கலாம் என்று அவர்கள் நிறுவினர். ஆனால், ஒரே தரப்பாருக்குள் அறைத்தோழரைத் தேடும்போது அந்த உறுதி இல்லை என்றும் அதே கட்டுரை காட்டியது. நால்வர் இருக்கின்றனர். முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் முதல் விருப்பமாகக் கொள்கின்றனர். நான்காமவரை மூவருமே கடைசியில் வைக்கின்றனர். எப்படிச் சேர்த்தாலும், நான்காமவருக்கு வாய்த்தவர் விலகிச் செல்லவே முனைவார். அவரை ஏற்க வேறொருவர் காத்திருப்பார். அந்த நான்காமவர் யார் என்பதை இளைஞன் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் மாலை, எண்பதைக் கடந்த தாத்தாவிடம் தன் முயற்சியை விளக்கினான். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கி ஒன்றுக்குப் பெட்டியடிப் பையனாக வந்தவர் அவர். அக்கட்டடங்கள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. பொறுமையாகக் கேட்டிருந்த பெரியவர், “சரிப்பா, எல்லாரும் சேர்ந்துட்டாங்க. கேக்க நாதியில்லாம ஓரமா நிக்கிறவன உன் பெட்டி என்ன செய்யும்?” என்றார்.

பேரன் வாய் திறக்கவில்லை.

“நான் வந்திறங்கினப்ப எனக்கு எண்சுவடிகூடச் சரியா வராது. மேலாள் ஒருத்தர்தான், ‘பையன் இங்க உக்காரட்டும்’னு இடம் காட்டினாரு. கணக்கு அப்புறமா வந்துச்சு” என்று தாத்தா முடித்தார்.

அன்றிரவே தளம் புதிதாக வரையப்பட்டது. ஆயிரம் பெயர்களைக் காட்டும் பட்டியல் நீங்கியது. ஒருவருக்கு ஐந்து பெயர்கள் மட்டுமே காட்டப்பட்டன. படமும் கல்லூரிப் பெயரும் தொடக்கத்தில் மறைக்கப்பட்டன. வெற்றி வேண்டுமா, கற்றல் வேண்டுமா, எந்தெந்த மணியில் விழித்திருக்க இயலும் என்பன முதற்கேள்விகள் ஆயின. இங்கே விடியும்போது டொராண்டோவில் அந்தி சாயும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இங்கிருந்து இரண்டரை மணி நேர வேறுபாடு உண்டு. வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்தது போல், குழு உறுதியாகுமுன் அரைமணி நேரம் சேர்ந்து ஒரு சிறு வேலை செய்து பார்க்கும் ஏற்பாடும் வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் மறுமொழி இல்லையெனில், வேண்டுகோள் தானாக வேறொருவரிடம் செல்லும். எவரும் மௌனத்தின் முன் காத்திருக்க வேண்டியதில்லை.

இறுதியாக, மேலாளுக்குரிய இடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. போட்டி தொடங்குவதற்கு முந்தைய மாலையில், குழு அமையாதோரின் பெயர்கள் ஒரு மனிதரின் கைக்கு வரும். அவர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசி இடம் காட்டுவார். இயந்திரத்துக்கு இயலாததை மனிதர் செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு.

முதல் சோதனைப் போட்டியில் அந்த மேலாளாக இளைஞனே அமர்ந்தான். அந்தி மயங்கும் நேரத்தில் ஒரே ஒரு பெயர் எஞ்சியது. மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் முதலாண்டு பயிலும் மாணவி. அழைத்தபோது, “எனக்கு அதிகம் ஒண்ணும் தெரியாதுங்கண்ணா” என்றாள். அவன் சற்றே தயங்கினான். பிறகு, மூவர் மட்டுமே இருந்த குழு ஒன்றைத் தேடி எடுத்து, அவர்களையும் அழைத்துப் பேசி, அவள் பெயரை அதில் எழுதினான்.

அக்குழு பரிசு எதுவும் பெறவில்லை. ஆனால், போட்டி முடியும் மணி வரை அதன் நான்கு திரைகளில் ஒன்றுகூட அணையவில்லை.