நாலு மணி டீயும் கடிக்க ஏதாவதும்



எண்ணெய் இல்லாததெல்லாம் சுகருக்கு நல்லது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முறுக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பொரியை அள்ளிச் சாப்பிடுகிறோம். இதில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் சுகர்தான். டாக்டர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னதும் சோற்றையும் இட்லியையும் குறைத்துவிட்டேன். நாலு மணி டீயோடு எதையாவது கடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எத்தனை வருட ஸ்டாஃப் ரூம் பழக்கம்!

அதனால் எல்லாவற்றையும் 30 கிராமுக்கு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாவுச்சத்து, தோராயமாக:

மக்கானா (தாமரை விதைப் பொரி) – 23 கிராம்
அரிசிப் பொரி – 22
பொட்டுக்கடலை – 17
முறுக்கு – 15க்கு மேல்
வறுத்த வேர்க்கடலை – 6
பாதாம் – 6

எடைக்கு எடை பார்த்தால் முறுக்கைவிடப் பொரியில்தான் மாவு அதிகம்! முறுக்கில் எண்ணெயும் சேர்ந்து எடை போடுகிறது, அவ்வளவுதான். அதற்காக முறுக்கு டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். பொரி எடை குறைவு, ஒரு கைப்பிடியில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கைப்பிடியோடு யார் நிறுத்துகிறோம்?

பொட்டுக்கடலையில் புரதம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பாதிக்கு மேல் மாவுதான். விலைக்கும் கணக்குக்கும் ஒத்துவருவது வேர்க்கடலை. 30 கிராமில் 7 கிராம் புரதமும் கிடைக்கிறது. கொழுப்பு அதிகம், 170 கலோரி வரும். எனவே அளந்து கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவை மூடிவிட்டு உட்காருங்கள். அதற்கு மேலும் கடிக்க வேண்டும் போலிருந்தால் வெள்ளரிக்காய். 100 கிராமில் 4 கிராம் மாவுகூட இல்லை.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று மாவைக் குறைத்தால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், என் தம்பி ஒரு நாளும் சுகர் டெஸ்ட் எடுத்ததில்லை. கால்விரல் புண் ஆறவில்லை என்று போனபோதுதான் தெரிந்தது. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகளில் பலருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இதைப் படித்து முடித்ததும் லைக் போடாவிட்டால் பரவாயில்லை. இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்