மழைக்காலத்தில் மஞ்சள் பெயிண்ட்

"நாப்பத்தஞ்சு வயசாகுது, இன்னும் பொம்மைக் கார் வச்சு வெளையாடறீங்களே"ன்னு தங்கமணி கேக்காத ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல கிடையாது. பொம்மை இல்லைங்க, ஸ்கேல் மாடல்னு நானும் பத்து வருஷமா சொல்லிப் பாக்கறேன். எடுபடலை.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். உண்மைக் காரை 24ல ஒரு பங்கா சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களா பெட்டியில போட்டு விப்பாங்க. டமியா, ஹசெகாவா, அவோஷிமா எல்லாம் ஜப்பான் கம்பெனிங்க. நாமதான் வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிக்கணும். ஒட்டறது எல்லாருக்கும் வந்துடும். பெயிண்ட்லதான் மானம் போகும். கார்னா பளபளன்னு இருக்கணுமே! டாங்கி மாடல்ல ஒரு திட்டு விழுந்தா சேறுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். காருக்கு அந்த சால்ஜாப்பு செல்லாது.

நான் அடிக்கறது லாக்கர் பெயிண்ட். ஏன்னு கேட்டா, படிச்சது பி.காம், கெமிஸ்ட்ரி சுத்தம். இருந்தாலும் கைப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். எனாமல் காயறது முட்டை வேகற மாதிரி. காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து மெதுவா இறுகும், வெந்தது வெந்ததுதான், திரும்பாது. லாக்கர் உப்புத்தண்ணி மாதிரி. தின்னர் ஆவியாப் போனா பிசினும் நிறமும் மட்டும் மிஞ்சும். மறுபடி தின்னர் பட்டா மறுபடி இளகும். அதனாலதான் ரெண்டாவது கோட் அடிக்கும்போது முதல் கோட்டை லேசா கரைச்சு ஒண்ணோட ஒண்ணா சேந்துக்குது. படலம் மெல்லிசா இருக்கும், கதவு இடுக்குக் கோடு அடைபடாது, காஞ்சப்பறம் பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி ஏறும்.

கெட்ட குணமும் உண்டு. நாத்தம், தீப்பிடிக்கற ஆவி, அப்பறம் ஊரு ஊருக்கு மாறற புத்தி. இந்த மூணாவதை எங்க பேங்க் டிரான்ஸ்ஃபர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்துது.

முதல்ல நாக்பூர்ல இருந்தேன். ஏப்ரல் மே மாசம் 45 டிகிரி, காத்துல ஈரமே இருக்காது. ஏர்பிரஷ்ல இருந்து கிளம்பின பெயிண்ட் காரைத் தொடறதுக்குள்ள பாதி காஞ்சுடும். மேல உக்காந்தா ரவை தூவின மாதிரி சொரசொரப்பு. அங்க கத்துக்கிட்டது, சீக்கிரம் ஆவியாகாத தின்னரைக் கலந்து, பிரஷரைக் குறைச்சு, காரை இன்னும் கிட்ட வச்சு அடிக்கணும்.

அப்பறம் கல்கத்தா மாத்தல். லேக் மார்க்கெட் பக்கம் போனா முருங்கைக்காய், கறிவேப்பிலை, நல்ல காப்பிப்பொடி கிடைக்குதுன்னு தங்கமணிக்கு சந்தோஷம். எனக்கு நாக்பூர்ல கத்துக்கிட்டது அத்தனையும் தலைகீழா போச்சு. போன வருஷம் ஜூலையில ஒரு பீட்டில் காரை எடுத்தேன். டமியாவோட 1966 மாடல் வோக்ஸ்வேகன் 1300. அடிச்சு முடிச்சா சொட்டச் சொட்டப் பளபளப்பு. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா, மஞ்சள் மேல விபூதி பூசின மாதிரி வெள்ளையா ஒரு படலம். துடைச்சா போகலை. வெறுத்துப் போய் அலமாரியில தூக்கி வச்சேன். அந்த வாரம் ஊர்ல இருந்து அப்பா வரதா இருந்தார்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தியாகணும்.

எங்க அப்பா நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். முப்பது வருஷம். தகரத்துக்குப் பட்டி பாத்து, தேச்சு, பிரைமர் அடிச்சு, கலர் அடிச்சு, கடைசியில முன்னாடி சாமி பேரு எழுதறவரைக்கும் அவர் கைதான். ராத்திரி வீட்டுக்கு வந்தா அவருக்கு முன்னாடி தின்னர் வாசம் வரும். கை கழுவறதும் தின்னர்லதான், அதுக்கு மேல தேங்காயெண்ணெய் தடவிக்குவார். பள்ளிக்கூட லீவுல நான் பட்டறைக்குப் போனா சோத்துப் போசியைக் குடுத்துட்டு உடனே கிளம்பிடணும். ஒருதடவை ஸ்பிரே கன்னைக் கையில எடுத்தேன். வாழ்க்கையில அவர் என்னை அடிச்சது அந்த ஒரு நாள்தான். "இதைத் தொடறதுக்கா உன்னைப் படிக்க வக்கறேன்?"னு கேட்டார். அதுக்கப்பறம் பி.காம், பேங்க் பரீட்சை, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

அவருக்கு அம்பது தாண்டினப்பறம் இழுப்பு வந்துது. முதல்ல பீடின்னு நெனச்சோம், ஆனா அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. சேலத்துல ஒரு டாக்டர்தான் என்ன வேலைன்னு கேட்டு, பெயிண்ட்ல ரெண்டு டப்பா கலந்து அடிக்கறீங்களான்னும் கேட்டார். அதுதான் விஷயம். பழைய என்.சி. பெயிண்ட், நம்ம ஆளுங்க டூக்கோன்னு சொல்றது, தின்னர் போனா காஞ்சுடும். அப்பறம் வந்த 2கே பெயிண்ட்டுக்கு ஹார்டனர்னு தனி டப்பா உண்டு. அதுல இருக்கற ஐசோசயனேட்டுங்கற வஸ்துவை மூச்சுல இழுத்தா ஆஸ்துமா வரலாம். ஒருதடவை உடம்பு அதுக்குப் பகையாயிட்டா அப்பறம் துளி பட்டாலும் இழுக்கும். அப்பா முகத்துல கட்டினது ஈரத்துண்டு. துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியை எங்க தடுக்கறது?

இப்பப் புரியுதா, என் ஏர்பிரஷ் விஷயம் அவருக்கு ஏன் தெரியாதுன்னு? பத்து வருஷமா மறைச்சு வச்சிருந்தேன். அவர் வந்தா கம்ப்ரஸர் லாஃப்ட்டுக்குப் போயிடும். வட்டிக்கு விட்டவன்கிட்ட இருந்து ஒளியற மாதிரி.

வந்த மூணாம் நாள், மழை பேயற சாயங்காலம், ஹால்ல உக்காந்திருந்தவர் கேட்டார். "ஏஞ்சாமி, இந்த வீட்ல தின்னர் எங்க இருக்குது?"

எனக்கு வேர்த்துப் போச்சு. முப்பது வருஷம் மோந்த மூக்கு, மூடி போட்ட பாட்டிலா அதுக்கு மறையும்? தங்கமணி சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு ஆதரவா யாரும் இல்லை. அலமாரியைத் திறந்து பீட்டிலை எடுத்துக் குடுத்தேன். அடி விழற வயசு தாண்டிடுச்சுங்கற ஒரே தைரியம்.

வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தார். ரொம்ப நேரம் பேசலை.

"மழையில அடிச்சியா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"ரிடார்டர் போடலையா?"

அவ்வளவுதான் திட்டு!

அப்பறம் அவரே விளக்கினார். தின்னர் வேகமா ஆவியானா அடிச்ச இடம் சில்லுன்னு ஆயிடும். ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியில வேர்க்கற மாதிரி காத்துல இருக்கற ஈரம் அதுமேல படிஞ்சு, பெயிண்ட்டுக்குள்ளயே மாட்டிக்கும். அதான் வெள்ளை. ஐப்பசி மழையில பட்டறையில இதே தொல்லை இருந்துதாம். ஆவியாகறதை மெதுவாக்கற ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேத்தா ஈரம் வெளிய போக நேரம் கிடைக்கும். நான் வச்சிருந்த மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர்ல அந்த ரிடார்டர் முன்னாடியே கலந்திருக்கு. மழைக்கு சாதா தின்னரை எடுத்தது என் புத்திசாலித்தனம்.

"நிறம் எதுக்கு இப்படி பச்சையடிக்குது? கீழ சாம்பல் பிரைமரா?"ன்னு அடுத்த கேள்வி. அதுவும் சரி. மஞ்சளுக்கு மறைக்கற சக்தி கம்மி, கீழ சாம்பல் இருந்தா அழுக்குப் பச்சையா தெரியும். வெள்ளையோ இளஞ்சிவப்போ அடிச்சு அதுமேல அடிக்கணும். அதையெல்லாம் கரைச்சு எடுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு அவரே சொன்னார். என்ன மஞ்சள்னு கேட்டேன். ஜன்னலுக்கு வெளிய நின்ன அம்பாசடர் டாக்சியைக் காட்டினார். உத்தரபாரா தொழிற்சாலையில 2014லயே அம்பாசடர் செய்யறதை நிறுத்தியாச்சு, ஓடிக்கிட்டு இருந்த மிச்ச வண்டியில அது ஒண்ணு. மிஸ்டர் கலர் 4ம் நம்பர் மஞ்சளை எடுத்து, குச்சியில சிகப்பைத் தொட்டு, ஒரே ஒரு சொட்டு. கலக்கிட்டு டாக்சியைப் பாத்தார். இன்னொரு அரைச் சொட்டு.

அடிக்கற நாள் தங்கமணி ஒரே பிடியா நின்னாங்க. "மாமாவுக்கு இழுப்பு இருக்கு, அவர் இருக்கும்போது இது வேண்டாம்." நியாயம்தானே. நான் பெட்டியை மூடிட்டேன். அப்பாதான் கேக்கலை. "ஒரு தடவை நான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துடறேன் ஆயா, அப்பறம் அவன் பாடு"ன்னார். கடைசியில ஒரு ஒப்பந்தம். ஆவியை ஜன்னலுக்கு வெளிய தள்ளற ஃபேன் பெட்டி ஓடணும், அவரும் மாஸ்க் போடணும், அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடணும்.

என்கிட்ட இருக்கறது ரெண்டு பக்கமும் கரி டப்பா வச்ச மாஸ்க், ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ்னு சொல்லுவாங்க. கொரோனாவுக்குப் போட்ட என்95 இதுக்கு ஆகாது. அது துகளைத்தான் பிடிக்கும், ஆவியை விட்டுடும். ஒரு மணி நேரம் ஏ.சி. போட்டு அறையோட ஈரத்தை 84ல இருந்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். பெயிண்ட் ஒரு பங்கு, தின்னர் ஒண்ணரைப் பங்கு. டம்ளர் ஓரத்துல பால் வழியற பதம். 0.3 மி.மீ. ஊசி, 18 பி.எஸ்.ஐ. பிரஷர்.

மாஸ்க்கை நானே அவர் தலையில மாட்டி வாரை இறுக்கினேன். "முப்பது வருசம் துண்டைக் கட்டித்தான் அடிச்சேன்"னு முனகினார். நான் அடிக்க ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு கோட் தூவல் மட்டும், மூணாவதுதான் ஈரமா. "காருக்கு வெளியவே ஆரம்பி, கையை நகத்திட்டு அப்பறம் பெயிண்ட்டைத் தொற. மறுபக்கம் தாண்டினப்பறம் மூடு. நடுவுல கை நிக்கக்கூடாது"ன்னார். பம்பர் பக்கம் வந்தப்ப பொறுமை போயிடுச்சு போல, ஏர்பிரஷை வாங்கிட்டார். ஒரே வீச்சு. இழுப்புக்கு மருந்து சாப்பிட்டு விரல் நடுங்கற மனுஷன், ஆனா கன் கைக்கு வந்ததும் மணிக்கட்டு நிக்குது!

திடீர்னு நிறுத்தினார். பயந்து போய் மூச்சு முட்டுதாங்கப்பான்னு கேட்டேன். தலையாட்டினார்.

"இல்ல சாமி. வாசமே வரல."

அப்படியே கொஞ்ச நேரம் நின்னார். நானும் ஒண்ணும் பேசலை. பேச என்ன இருக்கு? ஒரு ஆள் மாசச் சம்பளத்துல சின்னப் பங்குதான் அந்த மாஸ்க் விலை. வெளிய வந்து கழட்டினப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார், "இது அப்பவே இருந்துதா?" இருந்துதுங்கப்பான்னு சொல்ல எனக்கு மனசு வரலை. தெரியலைன்னேன்.

இன்னொரு விஷயம். மாடல் செய்யறவங்க நிறையப் பேர் மேல்பூச்சுக்கு 2கே கிளியர் அடிக்கறாங்க. ரெண்டே கோட், கண்ணாடியா மினுங்கும். நானும் ஆசைப்பட்டு ஒரு செட் வாங்கி வச்சிருந்தேன், திறக்கலை. அப்பா பெட்டியைக் குடைஞ்சப்ப ஹார்டனர் பாட்டில் கையில சிக்குச்சு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனா ரெண்டு பாட்டில் ஜோடியா இருந்தா என்னன்னு தெரியுமே. தனியா எடுத்து ஜன்னல் திண்டுல வச்சார். "இது உனக்கு வேண்டாம் கண்ணு." அவ்வளவுதான். சரியான காத்து வசதியும் உடம்பு மூடற உடுப்பும் இருக்கறவங்க அடிக்கட்டும், குழந்தைங்க இருக்கற ஃபிளாட்ல எனக்கு அது வேண்டாம்.

அதுக்குப் பதிலா லாக்கர் கிளியர், மெல்லிசா நாலு கோட். மூணு வாரம் காய விட்டு, 3000 நம்பர் தண்ணிப் பேப்பர்ல தேச்சு, காம்பவுண்ட் போட்டு மூணு ராத்திரி பாலிஷ். 2கே ரெண்டு மணி நேரத்துல குடுக்கற பளபளப்பை ஒரு மாசம் உழைச்சு வாங்கினேன். கொஞ்சம் கம்மிதான். இருக்கட்டும்.

பாலிஷ் முடியறதுக்குள்ள அப்பா ஊருக்குப் போயிட்டார். போட்டோ அனுப்பினேன். போன்ல ரொம்ப நேரம் பாத்திருப்பார் போல, மறுநாள் கூப்பிட்டார். "பின்னாடி எஞ்சின் மூடிக்குக் கீழ ஓரத்துல லேசா வழிஞ்சிருக்குது பாரு"ன்னார். பாத்தேன், வழிஞ்சிருக்கு. அது அவர் அடிச்ச பக்கம். சொல்லலை :-)

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது ஏர்பிரஷ் வாங்கறதா இருந்தா முதல்ல மாஸ்க் வாங்குங்க. கார் கிட் அப்பறம் வாங்கிக்கலாம். ஊர்ல உங்க வீட்டுக்கு கேட் பெயிண்ட் அடிக்க ஒரு அண்ணன் ஸ்பிரே கன்னோட வந்தா, அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க.